தட்டுகிறவன் நான் இல்லை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று நானும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தோம் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னோமே, அது பொய். அதை இனியும் சுமக்க என்னால் முடியவில்லை. "இதெல்லாமா மலர்ல போடுவாங்க? நல்ல படமாப் போடு, பிறந்த ஊரைப் போடு, வந்தவங்களுக்கு நன்றி போடு, போதும்" என்று அம்மா முறைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே, "எழுதித் தொலை. எனக்கும் மூச்சு முட்டுது" என்றார்.

அப்பா பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஊர்க்காரர் ஒருவருடன் ரயிலேறி வந்து தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தார். சேலைப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றார். வேலை பார்த்தார் என்பதைவிட நின்றார் என்பதுதான் சரி. ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களிடம்கூட, "அடுத்த தடவை வாங்கம்மா" என்று சிரித்த முகத்தோடு சொல்வார். வீட்டுக்கு வந்ததும் வீங்கிய காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இதே கலர்ல வேற கலர் இருக்கா?" என்று அவர்களைப் போலவே நடித்துக் காட்டுவார். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவர் சம்பளத்துக்குள் நாங்கள் ஒழுங்காகத்தான் இருந்தோம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை வந்தபோது ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கினார். அதை அடைக்கும் முன் என் கல்லூரிக் கட்டணம் வந்து நின்றது. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதற்கு வட்டி கட்ட மற்றொன்று. பால்காரருக்கோ மளிகைக்கோ ஒரு ரூபாய் பாக்கி வைக்காத மனிதர், மாதத்தின் முதல் வாரம் வந்தால் பகலில் போனை அணைத்து வைக்கும் மனிதராகிவிட்டார். தவணை தவறிய மாதங்களில் வசூலுக்கு ஆள் வந்தது. கடைக்கு வந்து சத்தம் போட்டால் வேலை போய்விடும் என்று அப்பா கெஞ்சியதால், அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்போதுதான் வீட்டில் இல்லாமல் இருப்பது எப்படி என்று அப்பா எங்களுக்குப் பழக்கினார். எங்கள் போர்ஷன் இரண்டாவது மாடியில். மரக்கதவுக்கு வெளியே ஒரு கிரில் கதவு உண்டு. உள்ளே இருந்தபடி கம்பிக்கு நடுவில் கையை விட்டு வெளிப்பக்கம் பூட்டைத் தொங்கவிட்டுப் பூட்டிவிட வேண்டும். பிறகு மரக்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்திவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு வீடு பூட்டிக் கிடக்கும். வசூல்காரர்கள் கீழே போய் மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள் என்பதால் ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். குக்கர் விசில் அடிக்கிற சமயம் பார்த்து இறக்கி வைப்பதில் அம்மாவுக்குப் பட்டமே கொடுக்கலாம். ஒரு சாவி எங்களிடம், ஒரு சாவி அப்பாவிடம்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. நான் பூட்டைத் தொறந்துதான் வருவேன். ஒருநாளும் தட்ட மாட்டேன். தட்டுறது எவனா இருந்தாலும் அது நான் இல்ல" என்றார் அப்பா.

ஒருநாள் வீட்டுத் தரகர் ஒருவர் மாடி மாறி ஏறி வந்து, கூட வந்த குடும்பத்திடம் எங்கள் வாசலிலேயே நின்று பேசினார். "ரொம்ப நாளா ஆள் இல்லாத வீடு சார். காத்து நல்லா வரும்" என்றார். அந்தப் பெண்மணி, "ஆள் இல்லாத வீடு மாதிரிதான் இருக்கு, என்னவோ பயமா இருக்கு" என்றார். உள்ளே நானும் அம்மாவும் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

அப்பா மறைந்த அன்றும் மாதத்தின் முதல் வாரம்தான். காலை பதினொரு மணி இருக்கும். பூட்டியது நான். அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். கிரில் ஆடியது. உடனே ஃபேனை நிறுத்தினேன், அம்மா அடுப்பை அணைத்தார். மறுபடி ஆடியது. வழக்கமாக மேல் கம்பியைப் பிடித்து உலுக்குவார்கள். அன்று சத்தம் கீழே இருந்து வந்தது, தரையை ஒட்டி. யாரோ உட்கார்ந்துகொண்டு அசைப்பது போல. பிறகு உள்ளங்கையால் கம்பியைத் தட்டும் சத்தம், மெதுவாக, விட்டு விட்டு. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா உதட்டில் விரலை வைத்தார். ஒருவேளை அப்பாவோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அப்பா தட்ட மாட்டார். அதுவும் பகல் பதினொரு மணிக்கு அப்பா கடையில் நிற்கிறவர்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. சத்தம் நின்றது. அப்புறம் படியில் செருப்புச் சத்தம். அது எங்களுக்குத் தெரிந்த சத்தம். வசூல்காரர் சேகர். நாற்பது வயதைத் தாண்டியவர், முன்பு ஒருமுறை "கூரியர்!" என்று கத்தி எங்களை ஏமாற்றப் பார்த்தவர்.

"மா! கதவத் தொறங்கமா! உள்ள யாராவது கீறீங்களா? சாரு இங்க வுழுந்து கெடக்குறாரு மா!"

புதுத் தந்திரம் என்று நினைத்தேன். நான் சிரித்தேன். சத்தம் வராமல், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவர் இரண்டு மூன்று முறை கதவை இடித்தார். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார். எதையோ இழுப்பது போலவும் தூக்குவது போலவும் சத்தம் கேட்டது. கீழே ஆட்டோ கிளம்பியது. "போயிட்டான்" என்றேன். ஃபேனைப் போட்டேன். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். குழம்பு கொதித்து முடிந்த பிறகுதான் கீழ்வீட்டு மாமி மூச்சு வாங்க ஏறி வந்து அம்மாவின் பெயரைச் சொல்லி அலறினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா உயிரோடு இல்லை. நெஞ்சுவலி என்று கடையில் சொல்லிவிட்டு நடந்தே வந்திருக்கிறார். "எவ்வளவு நேரமா வலின்னு சொன்னார்? வீட்டுல யாரும் பார்க்கலையா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா யோசிக்கக்கூட இல்லை. "நாங்க வீட்ல இல்லைங்க. கோயிலுக்குப் போயிருந்தோம்" என்றார். பழக்கம் அப்படி வந்துவிட்டது. சேகர் பக்கத்தில் நின்றார். அப்பாவின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆமா சார், வீடு பூட்டித்தான் இருந்துச்சு. மீட்டர்கூட ஓடல" என்றார். அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்றும் கிரில் கதவு காற்றில் லேசாக ஆடினால் நாங்கள் இருவரும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுகிறோம். சில நாள் நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, முதலில் தரையைப் பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை. அதற்காகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தில் பிடித்துக் கொடுத்து ஈமச்சடங்கை நடத்தி வைத்த கடை ஊழியர்களுக்கு நன்றி. பதினாறு நாளும் காப்பி போட்டுக் கொண்டுவந்த கீழ்வீட்டு மாமிக்கு நன்றி. இரண்டு மாதம் வாடகை கேட்காத வீட்டுக்காரருக்கு நன்றி. அன்று காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரர் யாரென்றே தெரியவில்லை, அவருக்கும் நன்றி.

சேகருக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போன மாதம் என் சம்பளத்தில் கடைசித் தவணையைக் கட்டினேன். ரசீது கொடுக்க அவரே வந்தார். உட்காரச் சொன்னேன். "அன்னிக்கு ஏன் திடீர்னு தட்டறத நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். அவர் ரசீதுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

"நீங்க உள்ளதான் கீறீங்கன்னு எனக்குத் தெரியும்மா. கொழம்பு வாசன வந்துச்சு. நான் தட்டிக்கினே இருந்தேன். உங்கப்பா கண்ணத் தொறந்து என்னப் பாத்தாரு. நான் யாருன்னு தெரிஞ்சிக்கினாரு. என் பேண்ட்டப் புடிச்சு இழுத்து, 'தட்டாதீங்க தம்பி, வீட்ல யாரும் இல்ல, வெளிய போயிருக்காவ'ன்னாரு. அதுக்கு மேல நான் எப்படிம்மா தட்டுவேன்?"

அப்பா கடைசியாகப் பேசியது அதுதான். சேகர் வருவதற்கு முன் கீழே உட்கார்ந்து அந்தக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தவர் அவர். நாங்கள் வீட்டில்தான் இருந்தோம்.