பொட்டு வைத்த கண்ட்ரோலர்

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் வயரைத் தொட்டுப் பிழைக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ரமணியைக் கண்டால்தான் மின்சாரம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே ரமணிதான் என்பது வேறு விஷயம். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ரவாங்கில் தொழில் படித்து, அங்கேயே ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். மேலாளரின் முகத்துக்கு நேரே உங்களுக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்லிவிட்டுத் தானாகவே வெளியேறியதாக அவள் சொல்வாள். மேலாளர் வேறு மாதிரி சொல்வார். எப்படியோ, அதற்குப் பிறகு ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கிக்கொண்டு, கோலா சிலாங்கூர் வட்டாரம் முழுக்க ஆலை ஆலையாகப் போய் மோட்டார்களுக்கு வைத்தியம் பார்த்துவருகிறாள்.

கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. அவள் போட்ட மின்பெட்டியைத் திறந்தால் வயர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். குறையெல்லாம் வாயில்தான். ரமணியைப் பொறுத்தவரை தப்பு என்பது எப்போதும் வேறு எங்கோ இருக்கும். விளக்கு எரியவில்லையென்றால் பல்பு சரியில்லை. வேன் கிளம்பவில்லையென்றால் ராத்திரி பெய்த மழை. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் இந்தக் காலத்து உப்பே அப்படி. 'என் தப்புதான்' என்று அவள் வாயால் ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டுமென்று அவள் கணவர் தேவதாஸ் கல்யாணமான நாளிலிருந்து பொறுமையாகக் காத்திருக்கிறார்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பாதுகாப்பு வசதியுள்ள மோட்டார் கண்ட்ரோலர்களை வாங்கும்போது, அவற்றின் பாதுகாப்பு முனைகளில் ஒரு குட்டிக் கம்பியை மாட்டியே அனுப்புவார்கள். அந்தக் கம்பி இருக்கும்வரை கண்ட்ரோலர் எல்லாம் நல்லபடியாக இருப்பதாக நம்பி ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும், யாருடைய கை உள்ளே இருந்தாலும் ஓடும். வேலை தெரிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பாதுகாப்பு வயர்களை இணைப்பார்கள். சோம்பேறிகள் அப்படியே விட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கைகழுவிவிடுவார்கள். ரமணி கழற்றிய கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். வீட்டில் ஒரு பழைய மைலோ டப்பா நிறைய அந்தக் கம்பிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். விருந்தாளிகள் வந்தால் டப்பாவை ஒருமுறை குலுக்கிக் காட்டுவாள்.

அவளிடம் அடிக்கடி வேலை கொடுப்பவர் சீனி முகம்மது. பெயரில் சீனி இருந்தாலும் அவர் விற்பதெல்லாம் காரம். புக்கிட் பெலிம்பிங் போகிற சாலையில் அவருடைய முறுக்குக் கம்பெனி இருக்கிறது. நல்ல மனிதர்தான். ஆனால் தீபாவளிக்கு முந்திய மாதத்தில் மட்டும் மனிதராக இருக்க மாட்டார், முறுக்காகவே மாறிவிடுவார். அந்தக் கம்பெனியில் மாவு பிசையும் பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. அதற்கு மாவு போடுவது புனிதவதியின் வேலை. ஒருநாள் அவளுடைய நீளக் கைச்சட்டையின் முனையைச் சுழலும் கம்பி பிடித்துக்கொண்டது. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்ததால் சட்டைக் கை மட்டும் மாவோடு போயிற்று. அவளுடைய கை தப்பியது, ஆனால் தைரியம் தப்பவில்லை. மறுநாளிலிருந்து அவள் ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் அகப்பையைக் கட்டி, தூர நின்று மாவு போட ஆரம்பித்தாள். பாதி மாவு இயந்திரத்துக்குள் விழும், மீதி தரையில் விழும். எல்லாரும் சிரித்தார்கள். புனிதவதி சிரிக்கவில்லை. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் வேலையை விடவும் முடியவில்லை.

சீனி முகம்மது அந்த விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பாதுகாப்பு வசதியுள்ள புது கண்ட்ரோலரும், இயந்திரத்தின் வாயில் இரண்டு பக்கமும் நிறுத்தும் கறுப்புக் கம்பங்கள் இரண்டும் வாங்கச் சொன்னார். ஒரு கம்பத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் புறப்பட்டு எதிர்க் கம்பத்துக்குப் போகும். நடுவில் கை நீட்டினால் கோடு அறுபடும், கண்ட்ரோலர் அந்த நொடியே மோட்டாரின் பலத்தைப் பறித்துவிடும். மாவு போடும்போது நிற்கும், போட்டு முடித்துப் பொத்தானை அமுக்கினால் மறுபடி சுற்றும். 'இயந்திரத்துக்குக் கண்ணு வெச்சிருக்கேன்' என்று ரமணி எல்லாருக்கும் விளக்கினாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேலையை முடித்தாள். மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, சொந்தப் பிள்ளைக்குத் தலை வாருவது போல ஒவ்வொரு வயராக இணைத்தாள். பாதுகாப்புக்கு என்று தனித்தனியாக இரண்டு வயர்கள். இரண்டும் சேர்ந்து 'போகலாம்' என்று சொன்னால்தான் மோட்டார் சுற்றும், ஒன்று முகம் சுளித்தாலும் நின்றுவிடும். குட்டிக் கம்பி வழக்கம்போலச் சட்டைப்பைக்குப் போயிற்று. பூட்டைத் திறந்து, இயந்திரத்தை ஓடவிட்டு, வாயில் ஒரு கட்டையை நீட்டினாள். சட்டென்று நின்றது. மறுபடி ஓடவிட்டாள், நீட்டினாள், நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

புனிதவதி மட்டும் துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி தூரத்திலேயே நின்றாள். பக்கத்தில் வந்து பார் என்று ரமணி கூப்பிட்டதற்கு அவள் சொன்ன பதில் ரமணியைச் சுட்டது.

"செஞ்சவங்களே காட்டுனா அது நிக்கத்தான் செய்யும் அக்கா. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நிக்குமான்னுதான் எனக்குத் தெரியணும்."

என் வேலையைச் சந்தேகப்படுகிறாளே என்று ரமணிக்கு வந்த கோபம் வேனில் ஏறும்வரை தணியவில்லை. ஆனால் அவளுக்கு உள்ளே வலித்தது வேறு. கண்ட்ரோலர், கம்பம் எல்லாம் போட்டதே இவளுக்காகத்தான். இவள் பக்கத்தில் வரவில்லை என்றால் போட்டு என்ன பயன்?

மறுநாள் ஆயுத பூஜை. கம்பெனியில் அன்று இயந்திரங்களுக்கு ஓய்வு. பூஜை முடியும்வரை சீனி முகம்மது வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், முடிந்ததும் பொரிகடலையை முதல் ஆளாக வாங்கிக்கொள்வார். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த முறை பொட்டு வைக்கும் உரிமையை ரமணி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. புது கண்ட்ரோலரைக் கொண்டுவந்தவள் அவள்தானே. சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, கண்ட்ரோலருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று, தன் டெஸ்டருக்கு ஒன்று, திருப்புளிகளுக்கு வரிசையாக, சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். முதலாளியின் லோரியையும் விடவில்லை. எல்லாமே முகத்தில் களையோடு நின்றன.

அதற்கு அடுத்த நாள் காலையில் புனிதவதி பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் அசையவில்லை.

ரமணி வந்து இறங்கியபோது சீனி முகம்மது முறுக்காக மாறியிருந்தார். கடைகள் சரக்குக்காகக் காத்திருந்தன. அரைத்துவைத்த மாவு காத்திருந்தது. முறுக்கு பிழிகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ட்ரோலரின் சின்னத் திரையில், பாதுகாப்பு அனுமதி வரவில்லை, ஓட மாட்டேன் என்று எழுதியிருந்தது. ரமணி ஆரம்பித்தாள். முதலில் எலி வயரைக் கடித்திருக்கும் என்றாள். எலி கடிக்கவில்லை. ராத்திரி மின்னழுத்தம் ஏறியிறங்கியிருக்கும் என்றாள். அளந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்ததும், மாலை கட்டினவன் கம்பத்தை இடித்துவிட்டான், கோணல் ஆகிவிட்டது என்றாள். மாலையை அறுத்துப் போட்டுவிட்டுக் கம்பத்தைத் தளர்த்தினாள், நிமிர்த்தினாள், சாய்த்தாள், மறுபடி நிமிர்த்தினாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கம்பமே கோளாறு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், வேறு வரவழைக்க வேண்டும் என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். வேறு கம்பம் வர ஒரு வாரம் ஆகும்.

சீனி முகம்மது கத்தவில்லை. கத்தியிருந்தால் ரமணியும் கத்தித் தப்பித்திருப்பாள். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சன்னமான குரலில் பேசினார். கம்பம் வரும்வரை அந்தக் குட்டிக் கம்பியை மாட்டிவிட்டால் ஓடும்தானே என்று கேட்டார். ஓடும் என்றாள் ரமணி. அவளால் பொய் சொல்ல முடியவில்லை. தீபாவளி முடிந்ததும் கழற்றிவிடலாம் என்றார். நீ மாட்டவில்லையென்றால் நான் வேறு வயர்மேனைக் கூப்பிட வேண்டியிருக்கும், அவன் ஒரு கிளாஸ் தே தாரிக் டீக்கே மாட்டிவிட்டுப் போவான், அப்புறம் அதை யாரும் கழற்றவும் மாட்டார்கள் என்று வருத்தத்தோடு சேர்த்துச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

ரமணி சட்டைப்பைக்குள் கைவிட்டாள். அன்றைக்குக் கழற்றிய கம்பி இன்னும் மைலோ டப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை, பையிலேயே கிடந்தது. அதை எடுத்து விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கண்ட்ரோலர் பக்கம் நடந்தாள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டைப் போட்டாள். கை வழக்கமான வேலையைச் செய்தது, மனம் மட்டும் கூட வரவில்லை. பெட்டிப் பக்கத்தில் புனிதவதி துடைப்பக் கட்டையோடு நின்றிருந்தாள்.

"இத மாட்டுனா என் கை அதோட கண்ணுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது."

"சரி அக்கா," என்றாள் புனிதவதி. சண்டை போடவில்லை. கட்டை நுனியில் அகப்பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நிற்க ரமணியால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள ஓர் இடம் தேடியவள், காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த அந்தக் கறுப்புக் கம்பத்தையே மறுபடி பார்த்தாள். கம்பத்தின் முகத்தில், சரியாகக் கண் இருக்கிற கறுப்புக் கண்ணாடியின் மேல், அழகான வட்டத்தில் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். அவளே வைத்தது.

காலையிலிருந்து அந்தக் கம்பத்தை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. பொட்டையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் பூஜைக்கு மறுநாள் இயந்திரத்தில் பொட்டு இருப்பதை எந்தத் தமிழச்சி கவனிப்பாள்? இல்லாமல் இருந்திருந்தால்தான் உடனே கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த சில நொடிகளில் ரமணியின் மூளை வேகமாக வேலை செய்தது. கட்டைவிரலால் ஒரு துடைப்பு. யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் இரண்டு வயரைத் தொட்டுவிட்டு, பெரிய கோளாறு, நான் வந்ததால் பிழைத்தது என்று சொல்லிவிடலாம். பாய் பாராட்டுவார். டப்பாவில் இன்னொரு கம்பி சேரும். எல்லாரும் நம்புவார்கள். புனிதவதியும் நம்புவாள். கோளாறு வருகிற இயந்திரம் இது என்றும், ரமணி அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் நம்ப முடியாது என்றும் நம்புவாள். அந்தக் கயிறு என்றைக்கும் அவிழாது.

"என் தப்புதான் பாய்," என்றாள் ரமணி.

தேவதாஸ் அங்கே இல்லை. பாவம், அந்த நேரம் பார்த்து அவர் ரவாங்கில் அலுவலகத்தில் இருந்தார்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். ரமணி பொட்டைக் காட்டினாள். "நான்தான் வெச்சேன். கண்ணு மேலயே வெச்சுட்டேன். எதுவோ குறுக்க இருக்குன்னு அது பாட்டுக்கு நின்னுருச்சு. நான் முதுகொடிய வயர் மாட்டுனவ, நான் வந்து கெஞ்சியும் ஓட மாட்டேன்னுருச்சு லா."

சீனி முகம்மது பொட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு ரமணியைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் எடுத்த முயற்சி வயிறு குலுங்கித் தோற்றுப்போனது. அவர் சிரித்ததும் கம்பெனியே சிரித்தது. ரமணி காது சிவக்க ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டாள். இந்த முறை கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் பொத்தானை அமுக்கப் போனபோது ஒரு கை குறுக்கே வந்தது.

"நான் அமுக்குறேன் அக்கா," என்றாள் புனிதவதி.

இயந்திரம் உறுமிக்கொண்டு சுற்றியது. புனிதவதி அதன் வாய்க்கு எதிரே வந்து நின்றாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். ஆள்காட்டி விரலை மட்டும், சுடுகிறதா என்று பார்ப்பது போல, மெதுவாக நீட்டினாள். நின்றது. கையை எடுத்தாள், பொத்தானை அமுக்கினாள், இந்த முறை சுண்டு விரல். நின்றது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று அவள் நீட்டிக்கொண்டே இருந்தாள். அத்தனை அவசரத்திலும் சீனி முகம்மது அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் அவள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

பிறகு துடைப்பக் கட்டையை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, அகப்பையைச் சமையலறைக்கும் கட்டையைத் துடைப்பத்துக்கும் திருப்பிக் கொடுத்தாள். மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

வேனில் ஏறும் முன் ரமணி திரும்பி வந்தாள். கையிலிருந்த குட்டிக் கம்பியைப் புனிதவதியின் மாவுக் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"டப்பாவுல எடமில்ல," என்றாள். "இனிமே இத யாராச்சும் மாட்டணும்னா, ஒன்கிட்டதான் கேக்கணும்."