மூக்கு பாய்

கந்தகத் திரியைக் கொளுத்தி, அதன் புகையை ஒவ்வொரு குழாய் மூட்டுக்கும் மெதுவாகக் காட்டிக்கொண்டு போகிறார் குத்புதீன். தேங்காய்த்திட்டு துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பாக்டரிக்கு இன்னும் யாரும் வரவில்லை. தொட்டியிலிருந்து எழும் குளிர்மூட்டம் முழங்கால் வரை நிற்கிறது. மனிதர் மேகத்துக்குள் நடப்பதுபோல் நடக்கிறார். ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயு எங்காவது கசிந்தால் திரியின் மெல்லிய புகை அந்த இடத்தில் வெள்ளையாகத் திரண்டுவிடும். உடனே ஸ்பேனரை எடுத்து நட்டை முடுக்குவார். பிறகு திரியை அணைத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துவிடுவார்.

ஆட்கள் வந்துவிட்டால் வேறு ஆட்டம். வாசலில் நின்று, கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி ஒரு நீண்ட மூச்சு. “ஒண்ணும் இல்ல, ஓட்டுங்கப்பா” என்பார். அதற்குப் பிறகுதான் மெஷின் ஓடும். படகுக்காரர்களிலிருந்து மீன் விற்கும் பெண்கள் வரை அவரை மூக்கு பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் காம்பவுண்டுக்கு வெளியே நின்றபடியே எந்த வால்வு கசிகிறது என்று சொன்னவர்தான்.

அந்த மூக்கு போய் மூன்று வருடமாகிறது. சுனாமித் தண்ணீர் பாக்டரிக்குள் ஏறி வடிந்த மாதத்தில் சளி பிடித்தது. சளி போனது, வாசனை மட்டும் திரும்பவேயில்லை. மனைவி கனீஸ் பாத்திமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அத்தரில் குளித்துவிட்டு வருகிறார் என்று பாக்டரியில் கிண்டல் செய்கிறார்கள். எவ்வளவு பூசினோம் என்று தெரிந்தால்தானே பாவம், நிறுத்துவார்.

ஆனால் தூக்கத்தில் மூக்கு திரும்பி வந்துவிடுகிறது. முல்லா வீதி வீட்டில் விடிந்ததும் முதல் பேச்சு, “இன்னிக்கு என்னா வாசன வந்துச்சு?” என்பதுதான். பெருங்காயம் என்பார். ஒருநாள் மழைக்கு முந்தின மண். இன்னொரு நாள், “பெரியவ பொறந்தப்போ அவ உச்சந்தல” என்றார். கனீஸ் பாத்திமா அன்று வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மோப்பம் போன ஆளை எந்த முதலாளி எஞ்சின் ரூமில் வைத்துக்கொள்வார்? வேலை போய்விடும், அந்தப் பெயரும் போய்விடும். திரி இருக்கிறவரை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை அந்த நினைப்பில் மண் விழுந்தது. ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர், ஆட்கள் இருந்ததால் திரியைக் காட்டாமலே, வாசலில் வழக்கம்போல் மூச்சை இழுத்து, “ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். சுவரோரம் மீன்கூடைக்கு ஐஸ் நொறுக்கிக்கொண்டிருந்த அன்னக்கிளிக்குக் கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

“என்னாம்மா ஆச்சு?”

“நாத்தம் தூக்குது பாய். நீயே ஒண்ணும் இல்லன்னுட்ட. என் மூக்குதான் கெட்டுப்போச்சோன்னு குந்திகினு இருக்கேன்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். அன்னக்கிளியின் முதுகுக்கு நேர் பின்னால், சுவருக்கு உள்பக்கம் இருந்த வால்வில், திரிப்புகை கொத்தாக வெள்ளை பூத்தது. முடுக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் கனவில் எந்த வாசனையும் வரவில்லை.

இந்த வாரம் வருட அறிக்கை. எத்தனை சிலிண்டர் அமோனியா வாங்கினார்கள், எவ்வளவு ஏற்றினார்கள், கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும். நேரில் பார்த்துவிட்டுப் போக அதிகாரி கோபிநாத் வந்திருந்தார்.

“கசிவு பாக்கறதுக்கு மெஷின் வெக்கலாமே?” என்று கேட்டார்.

“எதுக்கு சார்? எங்க பாய் மூக்கே மெஷின்தான்” என்றார் முதலாளி நாராயணசாமி. ‘அனுபவமுள்ள ஊழியர் முகர்ந்து அறிவார்’ என்று படிவத்தில் அந்தக் கேள்விக்கான கட்டத்தில் ஏற்கெனவே எழுதியும் வைத்திருந்தார்.

“அப்போ அவரே அதுக்குக் கீழ கையெழுத்து போடட்டும். ஆபீஸ்ல என்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்.”

குத்புதீன் பேனாவை வாங்கினார். ஜன்னலுக்கு வெளியே அன்னக்கிளி ஐஸ் நொறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு எழுத்து போட்டால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும்.

பேனாவை மூடி மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பாதி எரிந்த கந்தகத் திரியை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார்.

“மூணு வருசமா இதான் சார் என் மூக்கு.”

நாராயணசாமி சிரிக்க ஆரம்பித்தார். பாயின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். மின்விசிறிக் காற்றில் திரி லேசாக உருண்டது. அது அந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்துவிடாமல் குத்புதீன் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.