ஸ்னோவுக்குப் போட்ட மொட்டை

1961 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குச் சின்னம்மா முன்வாசலைக் கூட்டினார். ஆறே காலுக்கு ரொட்டிக்காரர் சைக்கிள் மணியடித்தார். ஒரு ரொட்டி வாங்கினோம். ஆறரைக்கு ஆர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர். ஏழு மணிக்கு ஸ்னோவுக்கு உப்பில்லாமல் வேகவைத்த மீனும் சோறும். இவற்றை நினைவிலிருந்து எழுதவில்லை. அந்தப் பள்ளி விடுமுறையில் நான் எழுதத் தொடங்கிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

வீடு காத்தோங்கில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. கணவரை இழந்த ஒரு சீன டீச்சருடையது. சின்னம்மா அங்கே சமையலும் வீட்டு வேலையும் பார்த்தார். பின்கட்டில் அவருக்கு ஓர் அறை. சித்தப்பா ஊருக்குப் போய் மூன்று வருஷமாகி, கடிதமும் நின்றுபோயிருந்தது. பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டிலோ ஒரே அறையில் ஏழு பேர், அத்துடன் புதுக் குழந்தை வேறு. அதனால்தான் விடுமுறைக்கு அம்மா என்னைச் சின்னம்மாவிடம் அனுப்பியிருந்தார். இந்த வேலை போனால் சின்னம்மாவின் அறையும் போகும், போக வேறு இடமும் இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

டீச்சர் இரண்டு வாரத்துக்குத் தன் அக்காவைப் பார்க்கப் பினாங்கு போயிருந்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “நாயை மட்டும் நல்லாப் பாத்துக்கோ.”

ஸ்னோ வெள்ளை ஸ்பிட்ஸ், பனி நாட்டு ஜாதி நாய். கப்பலில் இஞ்சினியராக இருந்த டீச்சரின் கணவர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது; அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். நரி முகம், விறைத்த முக்கோணக் காதுகள், முதுகின் மேல் சுருண்டு படுத்த வால். பூனையைப் போல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அந்நியர் கையை நீட்டினால் மரியாதையாக நான்கடி தள்ளிப் போய் உட்காரும். என்னைத் தொட விட ஒன்பது நாளானது.

இரண்டாவது வாரம் அதற்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சாதாரணமாக அல்ல, பஞ்சு பஞ்சாக. கழுத்தைத் தடவினால் கை நிறைய வந்தது. சின்னம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை வீட்டைக் கூட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாவுச் சாக்கில் பாதி நிரம்பிவிட்டது.

“சொறியா இருக்குமோடி? அந்தம்மா வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்று புலம்பியவர், சிலோன் ரோட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார்.

எனக்கு இந்த நோய் தெரியும். முந்தின வருஷம் டைபாய்டு வந்து என் முடியும் இப்படித்தான் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அம்மா கோயிலில் எனக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவினார். ஆறே மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்தது. மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை டீச்சர் திரும்பி வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்குச் சின்னம்மா மீன் வாங்கச் சந்தைக்குப் போனார். ஒன்பது ஐந்துக்கு அவருடைய தையல் கத்தரியை எடுத்தேன். கழுத்தில் தொடங்கி, முதுகு, வயிறு, கால்கள் என்று வரிசையாக வந்தேன். தலையையும் வாலையும் விட்டுவிட்டேன். காதுப் பக்கம் கத்தரி கொண்டுபோகப் பயம். ஸ்னோ ஒரு முறைகூட முறைக்கவில்லை. பத்து நாற்பத்தைந்துக்கு முடித்து, சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்து உடம்பு முழுக்கப் பூசினேன்.

சின்னம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே இருந்து வந்தது மஞ்சளாக, ஒல்லியாக, சுருட்டை வாலோடு, கிராமத்துத் தெருவில் திரிவது போன்ற ஒரு கம்பத்து நாய்.

“ஏண்டி, இது யாரு? ஸ்னோ எங்கே?”

“இதுதான் சின்னம்மா ஸ்னோ. மொட்டை போட்டிருக்கேன்.”

“மொட்டையா! காதும் குத்திட்டியா, அதுவும் பாக்கி வச்சிருக்கியா?”

அடி விழும் என்று நினைத்தேன். அவர் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியம் கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் தன் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். “டீச்சர் வருவதால் சின்னம்மா அறையை ஒழுங்குபடுத்துகிறார்” என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு டாக்சி வந்தது. ஸ்னோ ஓடிப்போய் டீச்சரின் காலைச் சுற்றியது. டீச்சர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு மலாயில், “யார் செய்தது?” என்றார்.

“நான்தான் டீச்சர்,” என்றார் சின்னம்மா, அதே மலாயில். “முடி கொட்டுச்சு. எங்க வழக்கம் இது. மொட்டை போட்டா நல்லா வளரும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம் உழைத்தது நான்! வாயைத் திறந்தேன். சின்னம்மா என் காலை மிதித்தார், நன்றாகவே. டீச்சரின் பார்வை சின்னம்மாவின் சுத்தமான புடவையிலிருந்து என் கவுனுக்கு வந்தது. அதில் முன்பக்கம் முழுக்க வெள்ளை முடி. அங்கிருந்து என் கட்டை விரலில் கத்தரி போட்ட கொப்புளத்துக்கு வந்தது.

அவர் குனிந்து ஸ்னோவின் கழுத்தில் முகம் புதைத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. மூக்கு நுனியில் சந்தனம்.

“நல்ல வாசனை,” என்றார். “தாப்பா லா, பரவாயில்ல. உயிரோட இருக்கு, இல்ல?”

இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு முடி, உள்ளே இருக்கும் பஞ்சு வருஷத்துக்கு இரண்டு முறை கொட்டும், சீவி எடுத்தால் போதும், அந்த முடிதான் குளிரையும் தடுக்கும் வெயிலையும் தடுக்கும் என்று விளக்கினார். “இதைச் சொல்லிட்டுப் போகாதது என் தப்பு.”

அன்றிரவு நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: “சின்னம்மா பொய் சொல்லிவிட்டார். என் வேலையைத் தன் வேலை என்று சொல்லிவிட்டார்.” கீழே இரண்டு கோடுகள்.

ஸ்னோவின் முடி திரும்பி வர ஒன்றரை வருஷமானது. இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் கடைசிவரை சரியாக வளரவில்லை. சின்னம்மா அந்த அறையில் மேலும் பதினோரு வருஷம் இருந்தார். பனி நாட்டு நாய்க்கும் நம் கம்பத்து நாய்க்கும் ஒரே காது, ஒரே வால், இரண்டும் பழைய ஜாதி என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தபோது, சந்தனம் பூசிய அந்த உடம்புதான் கண்முன் வந்தது. சின்னம்மாவிடம் நன்றி சொல்ல எனக்கு முப்பது வயதாகிவிட்டது. “எதுக்குடி?” என்று கேட்டார், உண்மையிலேயே மறந்திருந்தார். டீச்சரிடம் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

மறுநாள், ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. வாசல் கூட்டுவதற்கு முன்பே டீச்சர் பின்கட்டுக்கு வந்தார். கையில் நீளப் பல் வைத்த இரும்புச் சீப்பு. சின்னம்மா அவசரமாக எழுந்து கையை நீட்டினார். டீச்சர் அவரைத் தாண்டி வந்து சீப்பை என்னிடம் கொடுத்தார். அதை ஏன் எனக்குக் கொடுத்தார் என்று அன்றைய பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சீவுவதற்கு ஸ்னோவிடம் மிச்சம் இருந்தது வால்தான். உட்கார்ந்து அதைச் சீவினேன்.