தயாரா என்று கேட்டவர்

ஒக்டோபர் 14, காலை 10.20. மதுரங்குளியில் எங்கள் கணினி திருத்தும் கடையில் ஒரு லெப்டொப்பை மூடித் திறக்கும் சோதனை 137ஆவது தடவையில் நின்றது. தொலைபேசியில் தஸ்லீமின் தம்பி. "நானா மௌத்தாகிட்டார்" என்றான். அண்ணன் இறந்துவிட்டாராம், மாரடைப்பு. வயது முப்பத்தாறு. ஆறு வருடம் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவர்.

அவர் நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன்.

கரைத்தீவுப் பாடசாலைக்கு நன்கொடையாக வந்த லெப்டொப்களில் ஒரு கோளாறு. மூடினால் உறங்கும். திறந்தால் விழிக்கும், ஆனால் சில வேளை திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அங்கே பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் எல்லோரும் லெப்டொப்பை மூடிவிடுவார்கள். அதனால் கோளாறு அடிக்கடி அகப்பட்டது.

"பாங்குக்கு மூட வேண்டாமெண்டு சொல்லுவம். வேலை முடிஞ்சுது" என்றேன்.

"உங்கட கோயில் மணி அடிச்சா உன்ட அம்மா கைவேலைய நிப்பாட்ட மாட்டாவா? முதல்ல அவவுக்குப் போய்ச் சொல்லு" என்றார். பிறகு, "மூடுறது அவங்கட பழக்கம். பழுது எங்கட வேல."

ஒரு நாள் அந்தப் பாடசாலையில், மதியம் லுஹர் பாங்கு முடிந்து ஸரீனா டீச்சரின் லெப்டொப்பைத் திறந்தோம். கறுப்பு. மூன்று வகுப்புகளின் பரீட்சைப் புள்ளிகள் சேமிக்கப்படாமல் உள்ளே இருந்தன. டீச்சர் தொழப் போயிருந்தார். தஸ்லீம் கப்ஸ் லொக்கைத் தட்டினார். சின்ன விளக்கு எரிந்தது.

"மெஷின் உசிரோடதான் இரிக்குது, திரைதான் இல்ல. பொறு மச்சான், மத்த மெஷினால உள்ள போய் எடுப்பம்" என்று கேபிள் எடுக்கப் போனார்.

நான் பொறுக்கவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். எல்லாம் போயிற்று.

டீச்சர் வந்து கேட்டபோது தஸ்லீம் முந்திக்கொண்டார். "என்ட கை பட்டுட்டு டீச்சர்." நான் அவர் கொண்டுவந்த கேபிளைச் சுருட்டினேன். விடைத்தாள்களைப் பார்த்து எல்லாப் புள்ளிகளையும் திரும்பப் பதிந்ததும் அவர்தான். அதன் பிறகு டீச்சர் அவரைக் கணினிக்குக் கிட்ட விடவில்லை. என்னைத்தான் கூப்பிடுவார். நானும் போனேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. உறங்கும்போது திரையை இயக்கும் சிப்புக்கு மின்சாரம் நின்று, அதிலிருந்த அமைப்புகள் அழிந்துவிடும். விழிக்கும்போது டிரைவர் மென்பொருள் அவற்றைத் திரும்ப எழுத வேண்டும். இந்த லெப்டொப்களின் டிரைவர், சிப் தயாராகும் முன்பே எழுதிவிட்டுப் போனது. இரண்டு விநாடி தாமதம் வைத்தால் போதும் என்றேன்.

"குத்துமதிப்பு வெக்காத. தயாரா எண்டு அதுக்கிட்டயே கேளு. மறுமொழி வாற வரைக்கும் பொறு."

அப்படியே எழுதினார். அந்த 'பொறு' என்ற வார்த்தையைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. 138இலிருந்து ஐந்நூறு வரை, அவருடைய திருத்தத்துக்கான சோதனையை முடிப்பது.
2. டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு அந்தத் திருத்தத்தைத் தஸ்லீமின் பெயரில் மட்டும் அனுப்புவது.
3. இந்தக் குறிப்பு அச்சாகும் முன் கரைத்தீவுக்குப் போய், பொத்தானை அழுத்தியவன் நான் என்று ஸரீனா டீச்சரிடம் சொல்வது.
4. டீச்சர் என்னை ஏசித் திட்டி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பது.