டென்மார்க்கில் மகள், அல் கூஸில் ஒரு சுவர்

எங்கள் கம்பெனித் தொழிலாளர் குடியிருப்பான கேம்ப்பின் பின்பக்கத்தில் பக்கத்துக் கம்பெனியின் மதில்சுவர் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து காகிதப்பூக் கொடி ஒன்று ஏறி, இந்தப் பக்கம் தொங்கும். துபாயின் இந்த அல் கூஸ் பகுதி முழுக்கக் கிடங்கும் பட்டறையும் லாரியும்தான். இந்த ஆறடி இடம் மட்டும் பார்க்க லட்சணமாக இருக்கும். டூட்டி முடிந்து, குளித்து, சட்டை மாற்றித் தலைசீவிக்கொண்டு அங்கே நின்றுதான் எல்லோரும் ஊருக்கு வீடியோ கால் போடுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தச் சுவருக்கு வரிசை நிற்கும். எங்கள் கேம்ப் ஆட்களின் பிள்ளைகளெல்லாம் அப்பா ஏதோ ஒரு தோட்டத்து வீட்டில் குடியிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஏசிக் காற்று போகும் தகரக் குழாய்களைச் செய்கிற பட்டறையில் ஃபோர்மேன். மகள் பிறந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். அவளுக்கு இப்போது பதினாறு வயது. ஆரம்பத்தில் கார்டு வாங்கிப் போன் பேசிய காலத்தில் சுவரெல்லாம் தேவைப்படவில்லை. குரல் மட்டும் பொய் சொன்னால் போதும். பருப்பில் குபூஸ் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டு, "இன்னிக்கு மட்டன் பிரியாணி" என்று மனைவியிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஆறு பேர் படுக்கிற ரூமை இரண்டு பேர் ரூம் என்று சொன்னேன். பிறகு அதையே பல வருடம் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

என் மகள் கெட்டிக்காரி. அவள் பள்ளியின் ஆங்கில டீச்சர் ஏதோ ஒரு தேர்வு எழுதவைக்க, டென்மார்க்கில் பத்து மாதம் தங்கிப் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு குடும்பம் அவளைத் தங்கள் வீட்டில் சும்மாவே தங்கவைத்துக்கொள்ளும், உள்ளூர்ப் பள்ளியில் படிக்க வேண்டியது, மற்றச் செலவெல்லாம் தேர்வு நடத்தியவர்களுடையது. என் மனைவிக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. "பொம்பளப் புள்ளய கண்காணாத ஊருக்கு அனுப்பிட்டு நான் எப்படிங்க இங்க சோறு திம்பேன்?" என்று அழுதாள். நான்தான் பெரிய அனுபவஸ்தன் மாதிரி, "முதல் ஒரு மாசம்தான் கஷ்டம், அப்புறம் பழகிடும்" என்று சாதித்து அனுப்பிவைத்தேன். ஆகவே அங்கே அவளுக்கு ஒன்று என்றால் அது என் தலையில்தான்.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து கிளம்பிய பிள்ளைகள் துபாயில் இறங்கித்தான் விமானம் மாறினார்கள். நான்கு மணி நேரம் என் மகள் நான் இருக்கிற ஊரில் இருந்தாள். வெளியே வர விசா கிடையாது, உள்ளே போக எனக்கு வழி கிடையாது. "அப்பா, கண்ணாடி வழியா பாக்கறேன், எல்லாம் மணலா இருக்கு. நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. தகரம் வெட்டுகிற சத்தத்தில், "நல்லா சாப்புடும்மா" என்று மட்டும் கத்தினேன்.

போய்ச் சேர்ந்ததிலிருந்து தினமும் பேசினாள். எனக்கு டூட்டி முடியும்போது அங்கே நாலு மணி, அவள் பள்ளி விட்டு வந்திருப்பாள். எல்லாம் "சூப்பர்ப்பா". வீடு சூப்பர், ஸ்கூல் சூப்பர், எல்லாரும் ரொம்ப நல்லவங்க. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் ரொட்டி, சீஸ், பழம் என்று ஒவ்வொன்றாக வர்ணிப்பாள். நாலாவது நாளே எனக்குச் சந்தேகம் வந்தது. சாப்பாட்டை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். நானே செய்த வேலைதானே. அதோடு, ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தவன் ஒரு ஆளைப் பற்றியாவது குறை சொல்ல வேண்டும். மேஸ்திரி கடுவன் பூனை, பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை என்று திட்ட ஆரம்பித்தால்தான் அவன் மனசும் அங்கே இறங்கிவிட்டது என்று சொல்லலாம். இவள் யாரையும் எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் கவனித்தேன். பின்னால் எப்போதும் அதே ஜன்னல், அதே வெள்ளைத் திரை, அதே பூந்தொட்டி.

என் மகளும் ஒரு சுவர் கண்டுபிடித்துவிட்டாள்.

மனைவியிடம் சொன்னால் அன்றைக்கே ஒப்பாரி வைத்துவிடுவாள் என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் டென்மார்க் வீட்டு அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. அவர் ஒரு நர்ஸ். அவசர எண் என்று அவரிடம் என் நம்பர்தான் இருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் போனிலேயே தமிழாக்கிப் படித்தேன். உங்கள் மகள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள், நன்றி என்கிறாள், ஆனால் சந்தோஷமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது தெரியாதா? "உருளைக்கிழங்கு" என்று பதில் போட்டேன். "என் மகளுக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். தினமும் கொடுத்தாலும் சாப்பிடுவாள்." என் ஒவ்வொரு லீவிலும் கண்ணால் பார்த்தது அது. அந்த அம்மா மிகவும் சந்தோஷப்பட்டு, தங்கள் ஊரிலும் அதுதான் முக்கியமான சாப்பாடு என்று எழுதினார். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியில் ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் போயிற்று. மகளின் முகம் இன்னும் வாடித்தான் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடமிருந்து இரண்டாவது மெசேஜ் வந்தது. தினமும் உருளைக்கிழங்கு செய்கிறேன், தினமும் நன்றி சொல்லிச் சாப்பிடுகிறாள், ஆனால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் கேட்கிறது, வேறு என்ன அவளுக்குப் பிடிக்கும்?

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். என்ன கலர் பிடிக்கும், தெரியாது. தூங்கும்போது லைட் வேண்டுமா, தெரியாது. கோபம் வந்தால் என்ன செய்வாள், நான் பார்த்ததில்லை. என் லீவையெல்லாம் சேர்த்தால் அவளோடு இருந்த காலம் ஒன்றரை வருடம்கூடத் தேறாது. வெட்கமாக இருந்தது. முகம் தெரியாத ஒரு பெண், என் பிள்ளையைத் தன் பிள்ளையாக நினைத்துக் கேட்கிறார். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "மன்னிக்கவும். எனக்குத் தெரியவில்லை. நான் அவளோடு வாழ்ந்ததில்லை." உடனே பதில் வந்தது. "சொன்னதற்கு நன்றி. அப்படியானால் அவளையே கேளுங்கள். நானும் கேட்கிறேன்." அந்த அம்மா எனக்குப் புத்தி சொல்லவில்லை, பரிதாபமும் படவில்லை. அந்த இரண்டு வரிக்கு நான் அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் கேட்டால் சொல்வாளா? "சூப்பர்ப்பா" என்பாள். பொய்யைப் பழக்கியதே நான்தான்.

அன்று சுவருக்குப் போகவில்லை. ரூமிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "அப்பா, எங்க இருக்கீங்க? இருட்டா இருக்கு" என்றாள்.

"ரூம்லம்மா. பாரு, காட்டறேன்" என்று போனைத் திருப்பினேன்.

லீவு நாள் என்பதால் ரூமில் எல்லோரும் பனியனும் லுங்கியுமாகக் கிடந்தார்கள். மேல் கட்டிலில் இருக்கும் பீகார்க்காரர், "அரே பாய், ஏக் மினிட்!" என்று அலறிச் சட்டையைத் தேடினார். ஒருவன் போர்வைக்குள் புகுந்துகொண்டான். அடுக்குக் கட்டில்கள், கம்பியில் காயும் ஜட்டிகள், கட்டிலுக்கடியில் ரைஸ் குக்கர், சுவரில் சாய்த்து வைத்த என் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சட்டை மாட்டி முடித்த பீகார்க்காரர் தலையை நீட்டி, "பேட்டி, நமஸ்தே" என்று தன் மகளைக் கூப்பிடுவதுபோல் இந்தியில் சொல்லிக் கையசைத்தார். எல்லோரும் அசைத்தார்கள். என் மானத்தைக் காப்பாற்ற அவர்கள் அன்று காட்டிய சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

மகள் மெதுவாக, "ரெண்டு பேருன்னு சொன்னீங்க" என்றாள்.

"பொய் சொன்னேம்மா. முதல் மாசம் பாத்ரூம்ல போய் அழுதேன். நல்லா இருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்."

அவளும் தன் போனைத் திருப்பினாள். அழகான அறை, என் ரூமைவிடப் பெரிது, அவள் ஒருத்திக்கே. அலமாரியைத் திறந்து காட்டினாள், காலி. மூலையில் அவள் கொண்டுபோன இரண்டு பெட்டிகளும் பூட்டோடு நின்றன. தினமும் காலையில் பூட்டைத் திறந்து ஒரு உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிடுவாளாம். எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று. பள்ளியில் மதியம், கோட்டு மாட்டுகிற நடைவழியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது.

"நான் வந்துடட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

கொஞ்சம் பொறுத்துக்கோ, பழகிடும், எவ்வளவு பேருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு. எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. எனக்கு விசா எடுத்துக் கொடுத்த மச்சான் அன்று எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அவற்றை விழுங்கினேன்.

"வந்துடும்மா" என்றேன். "டிக்கெட் அப்பா பாத்துக்கறேன். யாரும் உன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"நெஜமாவா?"

"நெஜமா."

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு தகரத்தை அளவு மாற்றி வெட்டி வீணாக்கினேன். வந்துவிடுவாள் என்றே முடிவு செய்துகொண்டேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது, அந்த டீச்சரிடம் என்ன சொல்வது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குப் போன் வந்தது. ஜன்னல் இல்லை. சமையலறை. பின்னால் அந்த அம்மா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

எடுத்த எடுப்பிலேயே மகள் சண்டைக்கு வந்தாள். "அப்பா, உருளைக்கிழங்கு எனக்கு உயிர்னு நீங்களா சொன்னீங்க? எனக்கு அது புடிக்கவே புடிக்காது! நீங்க லீவுல வரும்போது உங்களுக்குப் புடிக்கும்னு அம்மா செய்வாங்க. நீங்க ஊட்டிவிடுவீங்களேன்னு நான் தின்பேன். இங்க ஒரு வாரமா அதையே தின்னு தின்னு செத்தேன்!"

நேற்று போனை வைத்ததும் கீழே போய், உருளைக்கிழங்கு வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அவர் கட்டிப்பிடித்துச் சிரித்து, "நீ எப்போது ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்வாய் என மூன்று வாரமாகக் காத்திருந்தேன்" என்றாராம். இருவரும் சேர்ந்து துணியெல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினார்களாம். "அந்தம்மா காலங்காத்தால ஜன்னலைத் திறந்துபோட்டுக் குளிர்ல கொல்றாங்க, க்ளாஸ்ல ஒருத்தி என் பேனாவத் திருப்பித் தரவே மாட்டேங்கறா" என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்குக் கேட்கக் கேட்கச் சந்தோஷம்.

"அப்ப டிக்கெட்?" என்றேன்.

"வேணாம்ப்பா. வந்துடுன்னு நீங்க சொன்னப்புறம் இருக்கலாம்னு தோணுது" என்றாள். "அப்பா, உங்கள அப்படி யாராச்சும் வந்துடுன்னு சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லம்மா."

"அப்ப நான் சொல்றேன். வந்துடுங்கப்பா. நாங்க யாரும் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

அவள் பேசியது அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் மகளின் தோளில் கை வைத்து நின்றார். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை டூட்டிக்குப் போனதும் நேராக ஆபீஸுக்குள் நுழைந்து, விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போக எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.