வெயிலை அளந்து விட்டவள்

பாண்டியம்மாள் பேச்சை எடுத்தாலே எங்கள் யூனிட்டில் பாதிப்பேர் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். ஓனரம்மா என்ற மிதப்பில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அதனால் இதை எழுத வேண்டியவளும் நானே.

மங்கலத்தில் எங்களுடையது சின்ன நிட்டிங் யூனிட், பனியன் துணி பின்னும் ஆறு மெஷின். பாண்டியம்மாளும் அவர் கணவர் காசிமாயனும் கல்யாணமான கையோடு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்தவர்கள். அவர் மெஷின் ஓட்டினார், இவர் துணியில் ஓட்டை பார்த்தார். இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்துக் காசிமாயனின் நெஞ்சு கெட்டுவிட்டது. மூன்று வருஷமாக மூக்கில் குழாய். சூட்கேஸ் அளவில் ஓர் ஆக்சிஜன் மெஷின், கரண்டில் ஓடுவது, தலைமாட்டில் இருக்கும். அது நின்றால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

எங்கள் தூசியால் வந்த நோய். இதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மொட்டை மாடி அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அதே மாடியில்தான் சோலார் பேனல்கள். பகலில் வெயில் கரண்டு கட்டிடத்துக்கு ஓடும், மிச்சம் தெருக் கம்பிக்குப் போய்விடும். லைன் கரண்டு போனால் பேனல் நேராக எதையும் ஓட்டாது, மாடி அறைக்கு மட்டும் ஒரு பேட்டரி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சுவரில் ஒரு பெட்டி, சார்ஜ் கன்ட்ரோலர் என்பார்கள். எவ்வளவு வெயிலைப் பேட்டரிக்குள் விடலாம் என்று முடிவு செய்வது அதன் வேலை.

பேனல் கழுவும் வேலையைப் பாண்டியம்மாள் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் பேனல்மேல் மண் படிவதற்கு முன்பே பஞ்சு படிந்துவிடும். விடியும்போதே துடைத்துக் கழுவிவிட்டு, அந்தப் பெட்டிக்கு எதிரே போய் உட்காருவார். திரையில் ஓடும் இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நாலு பச்சை விளக்குகள் தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப ஒரு மேகம் போகுது தாயி" என்பார். எட்டிப் பார்த்தால் நிஜமாகவே போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.

"காலையில பேட்டரிக்குப் பசி, அள்ளி அள்ளித் திங்கும். பத்து மணிக்கு மேல மென்னு திங்கும். வயிறு நெறஞ்சா சும்மா கொறிக்கும்" என்று ஒருநாள் விளக்கம் சொன்னார். பேனல் மாட்டிக்கொடுத்த இன்ஜினியர் கவின் கைதட்டிச் சிரித்தார். "ஏனுங்க்கா, நாங்க வருஷக்கணக்கா படிச்சத இவங்க மூணே வாயில முடிச்சுப்போட்டாங்க!"

போன தை மாதம் பழைய பேட்டரி போய்ப் புது மாதிரிப் பேட்டரி வந்தது. நாலாம் நாளே பாண்டியம்மாள் கீழே வந்தார்.

"தாயி, வயிறு நெறஞ்ச பொறவும் அந்தப் பெட்டி இதுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கு. பதினோரு மணிக்கு மேல டக்குனு ஒரு சத்தம். இது வாயை மூடிக்குது. கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் தெறக்குது."

"ஏனுங்க பாண்டியம்மாக்கா, பேட்டரிக்கு வாயெல்லாம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

மாசியில் ஒருநாள் உச்சி வேளையில் கரண்டு போனது. வெயில் கொளுத்துகிறது, பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனாலும் மாடி அறையில் ஒன்றும் ஓடவில்லை. கரண்டு திரும்பும்வரை இருபது நிமிஷம் சிலிண்டரைத் திறந்துவைத்துச் சமாளித்தார்கள். லைன் கரண்டு இருக்கிற நாளில் பேட்டரி வாயை மூடிக் கழன்றுகொண்டால் யாருக்கும் தெரியாது. அது இல்லாத நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். இது எனக்கு அப்போது புரியவில்லை. கவின் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. மெயினை அணைத்துப் பார்த்தார், பேட்டரி சமர்த்தாகத் தாங்கியது. பொழுது சாய்ந்தபின் அந்தப் பெட்டி எதை ஊட்டும்? "எல்லாம் நல்லா இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தைரியத்தில் கீழே கிடந்த பழைய ஜெனரேட்டரையும் நான் விற்றுத் தள்ளிவிட்டேன்.

பங்குனியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை பாண்டியம்மாள் என் முன்னால் வந்து நின்றார். "நாளைக்கு அது வாயை மூடுனா லைனும் இருக்காது தாயி. அவருக்கு மூச்சு எங்கிட்டிருந்து வரும்?"

கவினுக்குப் போன் போட்டேன். உடுமலைப்பேட்டையில் காற்றாலை வேலையில் இருந்தார், திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். பேனலை அணைக்கும் சுவிட்ச் பெட்டியின் சாவியும் அவரிடம். அணைத்தாலும் பயனில்லை, அந்தச் சின்னப் பேட்டரி தனியாக மதியத்தைத் தாண்டாது. காரணம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம், காசிமாயன் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சனிக்கிழமை பத்தரைக்கு ஸ்கூட்டியில் வந்தேன். தெருவிலிருந்தே தெரிந்தது. எங்கள் பேனல்கள் கருநீலப் போர்வை போர்த்திப் படுத்திருந்தன. போன வருஷம் ரிஜெக்ட் ஆகி மூலையில் கிடந்த கனத்த ஃப்ளீஸ் துணி. எனக்கு வந்த கோபத்தில் படி எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"துணி காயப்போடறதுக்குப் பேனல விட்டா வேற எடமே இல்லீங்களா?"

பாண்டியம்மாள் உதட்டில் விரல் வைத்தார். "தூங்குறாரு. மெஷினு நிக்கும்னு தெரிஞ்சா அப்புறம் கண்ணையே மூட மாட்டாரு. நாலாவது வெளக்கு எரியுது பாரு தாயி. இன்னும் கொஞ்சம் வெயிலு போச்சுன்னா டக்குன்னுரும். அதான் மூடிட்டேன். ரெண்டு வெளக்குக்கு எறங்குனா தெறந்து விடணும்."

அப்போதுதான் மாசி மாதத்து இருபது நிமிஷமும் எனக்கு விளங்கியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியின் மறுமுனையைப் பிடித்தேன்.

அந்தப் பகலை எப்படிச் சொல்வது? மங்கலம் முழுக்க ஒரு தறி ஓடவில்லை, ஒரு மெஷின் ஓடவில்லை. ஊரே தண்ணீருக்கடியில் கிடப்பது போலிருந்தது. அந்த அமைதியில் அறைக்குள்ளிருந்து ஆக்சிஜன் மெஷின் மட்டும் புஸ்ஸ், புஸ்ஸ் என்று மூச்சு விட்டது. காற்றில் பஞ்சு மிதந்தது, கீழே இறங்க மனமில்லாத மாதிரி. நாலாவது விளக்கு வந்தால் மூடினோம், இரண்டுக்கு வந்தால் திறந்தோம். மூடும்போது நிழல், திறக்கும்போது கண் கூசும் வெளிச்சம். எத்தனை முறை என்று கணக்கு விட்டுப்போனது. ஒரு கட்டத்தில் மெஷின் மூச்சுக்கு நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள் பெட்டியில் கை வைத்துக் கண்மூடி, "ம்" என்பார். நான் துணியை இழுப்பேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவருக்கு வேலை செய்தேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பேனலின் அலுமினியச் சட்டம் அடுப்பில் காய்ந்த கல் மாதிரிச் சுட்டது. என்னை நிழலில் போய் நிற்கச் சொல்லிவிட்டு அவர்தான் அதிகம் பிடித்தார்.

திங்கட்கிழமை கவின் வந்து பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். பேட்டரியை மாற்ற அவர் அனுப்பியிருந்த ஆள் பெட்டியில் பழைய பேட்டரிக்கான அளவை மாற்றவே மறந்திருக்கிறார். பெட்டி பழைய பழக்கத்திலேயே கூடுதலாக ஊட்டியிருக்கிறது, புதுப் பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றிருக்கிறது. சரிசெய்ய இரண்டு நிமிஷம் ஆனது. பாண்டியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன், பேட்டரிக்காக மட்டுமல்ல.

ஆனால் எனக்கு மறக்காதது சனிக்கிழமை ஐந்து மணி. லைன் கரண்டு வந்தது, தெருவெங்கும் மெஷின்கள் இரைய ஆரம்பித்தன. துணியை அப்படியே போட்டுவிட்டு இருவரும் அறைக்குள் போனோம். பகலெல்லாம் தூங்குவதும் விழிப்பதுமாகக் கிடந்த காசிமாயன் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. மனைவியைப் பார்த்ததும் சிடுசிடுத்தார்.

"காலையிலயிருந்து ஆளையே காணோம். ஒரு நாளு வேலை இல்லாத நாளு. ஒரு எட்டு வந்து பக்கத்துல உக்காந்தா என்ன? வெளிய அப்படி என்ன சோலி ஒனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். பாண்டியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"தப்புதேன்" என்றார் அவர். கொப்புளம் போட்ட கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.