கல்லணைக்குக் கீழே ஜீப்பில்

என் மச்சான் செந்தில் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியிருக்கிறான். பாறையில் ஓட்ட வேண்டுமாம். தஞ்சாவூர்ப் பக்கம் பாறைக்கு எங்கே போக? எங்கு திரும்பினாலும் வயல்தான். கடைசியில் கல்லணைக்குக் கீழே, கரை அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறாங்கற்கள்மேல் குலுங்கிக்கொண்டிருக்கிறோம். என் தலை மேல்கம்பியில் இடித்துக்கொண்டே வருகிறது. பக்கத்திலேயே, கரைமேல் நல்ல தார் ரோடு. அதில் போகிற டவுன்பஸ்ஸின் ஜன்னலோரத் தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்புகின்றன.

ஒரு கல் புரண்டு, முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. ஜீப் உறுமுகிறது, நகரவில்லை. மொபெட்டில் புல்லுக்கட்டோடு போன ஒருவர் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி வருகிறார். தள்ளிவிடத்தான் வருகிறார் என்று நிம்மதியாகிறேன்.

"சார், எங்க வாய்க்காலுக்கு எப்பதான் தண்ணி விடுவீங்க? நாத்து காயுது."

"நாங்க அதிகாரிங்க இல்லைங்க," என்கிறேன்.

"பின்ன இந்தக் கல்லுல எதுக்கு வந்தீங்க?"

"சும்மா, ஜாலிக்கு."

அவர் தார் ரோட்டைப் பார்க்கிறார், ஜீப்பைப் பார்க்கிறார். நம்பவில்லை.

"ஜீப்புல வர்ற எல்லாரும் ‘அது நாங்க இல்லை’ன்னுதான் சார் சொல்றாங்க."

சொல்லிக்கொண்டே தோள் கொடுத்துத் தள்ளுகிறார். ஜீப் ஒரு துள்ளலில் வெளியே வருகிறது. நன்றி சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் செந்தில், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி, பெரிய மனதோடு தலையாட்டுகிறான்.

"பாக்கலாம்ங்க."

அவர் முகத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விடுகிறது.

"அதான பாத்தேன்," என்று அவனுக்கு ஒரு கும்பிடு போடுகிறார்.